மறுகால் போகும் வழியில்: சாத்தையாறு முதல் குடகனாறு வரை

புதன்கிழமை, பாலமேடு

மதுரையில் அணை என்று பேச்செடுத்தால் அது முல்லைப்பெரியாற்றில் போய்த்தான் நிற்கும். 152 அடி, 142 அடி, 136 அடி என்ற நீர்மட்டக் கணக்கெல்லாம் டீக்கடை பெஞ்சில்கூட மனப்பாடம். அடுத்து வைகை அணை, 71 அடி. நீர்மட்டம் 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று செய்தித்தாளில் படித்தே வளர்ந்தோம். அதைவிடச் சின்ன அணைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சிறுமலை அடிவாரத்தில் பாலமேட்டுக்குப் பக்கத்தில் 29 அடியில் சாத்தையாறு அணை இருக்கிறது. அதன் கீழே 11 கண்மாய்கள், அதாவது பாசன ஏரிகள், இருக்கின்றன. பாலமேடு என்றால் ஜல்லிக்கட்டு தெரியும், இந்த அணையின் பெயர் மதுரைக்குள்ளேயே பலருக்குத் தெரியாது.

புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி அடைமழை இறங்கும் முன்பு இந்த மாதிரிச் சின்ன அணைகளை நடந்து பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியிருக்கிறேன். அன்றன்று பார்த்ததை அன்றைக்கே எழுதிப் போடுகிறேன். கூட வருவது என் தாய்மாமா. பாலமேட்டுப் பக்கம் ஒரு கண்மாய்க்கு நெடுங்காலம் நீர்க்கட்டியாக இருந்தவர். மடை திறப்பது, அடைப்பது, வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது, மழை ராத்திரியில் கரையைக் காப்பது எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தது.

அணைக்கு வந்ததும் நான் கரை மேலே ஏறப் போனேன். பின்னால் மலை பச்சையாக நிற்கிறது, காற்று நன்றாக வருகிறது. மாமா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மேல போனா காத்து வாங்கலாம் மாப்ள. கரையப் பாக்கணும்னா கீழ எறங்கு."

தண்ணீர் நிற்கும் பக்கம் இல்லை, அதற்கு மறுபக்கம், கரையின் வெளிச்சரிவு தரையைத் தொடும் அடியோரம். அங்கேதான் நடந்தோம். அவர் கண் தரையிலேயே இருந்தது. சுற்றிலும் புல் காய்ந்து கிடக்கும்போது ஓர் இடத்தில் மட்டும் பச்சையாக இருக்கிறதா, எலி வளை, நண்டு வளை இருக்கிறதா, சரிவில் எங்காவது மண் உள்வாங்கியிருக்கிறதா, கரையின் நீளவாக்கில் வெடிப்பு ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குப் பத்தடியில் முடிந்துபோகிற இடத்தை அவர் கால் மணி நேரம் பார்த்தார்.

மண் கரை என்றால் தண்ணீர் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவே இல்லாத மண் அணை உலகத்தில் இல்லை. கசிந்த தண்ணீர் வடிந்து போவதற்காகவே அடியோரத்தில் சரளையும் கல்லும் போட்டு வடிகால் அமைப்பார்கள். பயப்பட வேண்டியது கசிவின் அளவு திடீரென்று கூடும்போதும், அதன் நிறம் மாறும்போதும்தான். தெளிந்து வரும் தண்ணீர் மண்ணை விட்டுவிட்டு வருகிறது. கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண்ணை எடுத்துக்கொண்டு வருகிறது. வெளிப்பக்கம் ஒரு விரல் நுழையும் துளையில் ஆரம்பித்து, மண் கரையக் கரைய அந்தத் துளை பின்னோக்கி, தண்ணீர் நிற்கும் பக்கமாக வளர்ந்துகொண்டே போகும். அது போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் கரையை யாராலும் காப்பாற்ற முடியாது. மாமா இந்த விளக்கமெல்லாம் சொல்லவில்லை. "தெளிஞ்சு வந்தா நிண்டு பாரு, கலங்கி வந்தா ஊரக் கூப்புடு" என்றார். பொறியியல் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் இதைத்தான்.

அணையில் இப்போது தண்ணீர் குறைவு. பெரியாறு பிரதானக் கால்வாய் இதைவிடத் தாழ்வான நிலத்தில் ஓடுகிறது, அதன் தண்ணீர் தானாக இங்கே ஏறாது. சிறுமலையில் பெய்தால்தான் இந்த அணைக்குத் தண்ணீர். பெய்யும்போது அது மொத்தமாக வரும். மலை செங்குத்தாக இருப்பதால் மேலே இடி இடித்த சில மணி நேரத்தில் ஓடை இரைச்சல் போட ஆரம்பித்துவிடும் என்கிறார் மாமா. வைகை அணைக்காவது தண்ணீர் பல மைல் தள்ளி மேலேயே வருவது தெரிந்துவிடும். இங்கே அந்த அவகாசம் இல்லை.

வியாழக்கிழமை, கண்மாய்கள் வழியே

மாமாவின் டிவிஎஸ் எக்ஸெல்லில் அணைக்குக் கீழே இறங்கினோம். நம் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனியாக இருப்பவை அல்ல. மேல்கண்மாய் நிறைந்தால் அதன் மறுகால்தான், அதாவது நிறைந்து வழியும் உபரித் தண்ணீர்தான், கீழ்க்கண்மாய்க்கு வரத்து. அழகான ஏற்பாடு, ஆனால் ஆபத்தும் இதே வழியில்தான் வரும். மேலே ஒரு கரை உடைந்தால் அதன் தண்ணீர் மொத்தமும் கீழ்க்கண்மாயில் ஒரே அடியாக விழும். ஏற்கெனவே நிறைந்து நிற்கும் அந்தக் கரை அதைத் தாங்காது. ஒரு கண்மாய் உடைந்து அடுத்தடுத்து உடைந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

ஒரு கண்மாயில் (பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள்) கலிங்கின் மேல், அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியேறும் கல்கட்டின் மேல், மணல் மூட்டை அடுக்கியிருந்தது. போன வருசத்து மூட்டைகள், நைந்து மண் சிந்திக் கிடந்தன. கரைக்குக் கீழே வயல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழம் தண்ணீர் கூட நின்றால் ஒரு நனைப்பு கூடக் கிடைக்கும். அவர்கள் ஆசையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருசம் வானம் பொய்த்த ஊரில் கலிங்கு வழியே தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது சாதாரண காரியம் இல்லை.

ஆனால் கலிங்கு மட்டத்துக்கும் கரை மட்டத்துக்கும் இடையே விட்டிருக்கும் உயரம் சும்மா விட்டதல்ல. வெள்ளம் வரும்போது தண்ணீர் ஏறி நிற்பதற்கும், காற்றில் அலை அடிப்பதற்கும் விட்ட இடம் அது. அதில் ஒரு முழத்தை மூட்டை வைத்து எடுத்துக்கொண்டால், பெருவெள்ளம் வரும் இரவில் அந்த ஒரு முழம்தான் இல்லாமல் போகும். பழைய கலிங்குகளில் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில், இனிப் பெரிய வெள்ளம் வராது என்று தெரிந்தபின், அந்தக் கற்களுக்கு இடையே தழையும் மண்ணும் வைத்து அடைத்துக் கூடுதல் தண்ணீர் பிடிப்பார்கள். வெள்ளம் வருவதாக இருந்தால் உடனே பிடுங்கிவிடலாம். அந்த முறையில் ஒரு நீர்க்கட்டி ராத்திரி பகலாகக் கலிங்கிலேயே கிடந்தார். இப்போது மூட்டை இருக்கிறது, எடுப்பதற்கு ஆள் இல்லை.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தா எங்களை அதிகாரிகள் என்று நினைத்துவிட்டார். "ஐயா, அங்கிட்டு ஜேசிபி வச்சுக் கரையோரத்துல மண்ணு அள்ளுறாங்கய்யா, அதக் கேளுங்க" என்றார். போய்ப் பார்த்தோம். தூர்வாருவது நல்லதுதான், வண்டல் வயலுக்கு உரம். ஆனால் கரையை ஒட்டித் தோண்டினால் கரை நிற்கும் காலையே வெட்டுவதாகிவிடும். வண்டல் எடுப்பவர்கள் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, கண்மாயின் நடுப்பகுதியில் எடுக்க வேண்டும். இதைச் சொல்லி நிறுத்த அந்த ஆத்தாவைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை.

கரை முழுக்கச் சீமைக் கருவேலம். வேர் பிடித்துக்கொள்வதால் கரைக்குப் பலம் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்வரை சரி. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அது இருந்த இடம் கரைக்குள் நீளமான பொந்தாகிவிடும். அதைவிட, புதர் மூடிய கரையில் கசிவைக் கண்ணால் பார்க்கவே முடியாது. மாமாவுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் கோபம். நடக்க முடியாத கரையைக் காக்க முடியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை, ஆத்தூர்

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறித் திண்டுக்கல் வந்து, அங்கிருந்து செம்பட்டி பக்கம். கீழ்ப்பழனி மலை அடிவாரத்தில் ஆத்தூர் காமராஜர் அணை, 23.5 அடி. திண்டுக்கல் நகரம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்து போகிறது. வைகைப் பேரணையிலிருந்தும் காவிரியிலிருந்தும் குழாய் வந்துவிட்டாலும், பழைய திண்டுக்கல்காரர்களுக்கு நல்ல தண்ணீர் என்றால் ஆத்தூர்த் தண்ணீர்தான்.

இடம் மிக அழகு. மூன்று பக்கம் மலை, தண்ணீரில் மேகம், நீர்க்காகங்கள். அழகைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

பாசனத்துக்கான அணைக்கும் குடிநீர் அணைக்கும் பாதுகாப்பில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வயலுக்கான தண்ணீரை நடவுக்குத் திறந்தாக வேண்டும், அணை தானாகவே இறங்கும். குடிநீர் அணையை யாரும் இறக்க விரும்ப மாட்டார்கள். கோடையை நினைத்து, இருக்கிற தண்ணீரை இருக்கிறபடி நிறுத்தி வைக்கவே மனம் போகும். ஆகவே அடைமழை ஆரம்பிக்கும்போதே அணை நிறைந்து நிற்க வாய்ப்பு அதிகம், வருகிற வெள்ளத்துக்கு உள்ளே இடம் இருக்காது. வந்த தண்ணீர் அத்தனையும் உடனுக்குடன் மறுகால் வழியே போயாக வேண்டும். அந்த வழி திறந்து கிடக்க வேண்டிய அவசியம் இங்கே இரண்டு மடங்கு.

"பயமா இருந்தாத் தொறந்து விட்டுற வேண்டியதுதானே" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாள்பட நிறைந்து நின்ற மண் கரையின் உள்பக்கம் தண்ணீரில் ஊறிப்போயிருக்கும். வெளியே இருந்து அதைத் தாங்கி நின்றதும் அந்தத் தண்ணீர்தான். அதை ஒரேயடியாக வடித்துவிட்டால், ஊறிய மண் தன் கனத்திலேயே உள்பக்கமாகச் சரியும். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்துதான் இறக்க வேண்டும். அளந்து இறக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும். ஷட்டர் கேட்டபோது ஏறி, கேட்டபோது இறங்க வேண்டும். வருசக்கணக்கில் சுற்றாத திருகுக் கம்பி, வெள்ளம் வந்த அன்றைக்குச் சுற்றாது.

நேற்றைய பதிவைப் படித்த ஒரு தங்கை, இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்டிருந்தார். இருக்கிறது. 2021 இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடி அஸ்திவாரத்திலிருந்து 15 மீட்டருக்கு மேல் உயரமான எல்லா அணைகளுக்கும் அது செல்லும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில், 500 மீட்டருக்குக் குறையாத நீளமோ, 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாத கொள்ளளவோ போன்ற நிபந்தனைகளில் ஒன்று பொருந்தினால் செல்லும். அப்படிப்பட்ட அணைகளை மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் கட்டாயம் ஆய்வு செய்ய வேண்டும், வெள்ளத்தின்போதும் நிலநடுக்கத்துக்குப் பிறகும் பார்க்க வேண்டும், ஆபத்துக்கால நடவடிக்கைத் திட்டம் எழுதி வைத்திருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். 10 மீட்டருக்குக் கீழே இருப்பவை இந்தக் கணக்கிலேயே வராது. நம்முடைய கண்மாய்க் கரைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த உயரம்தான். உயரம் குறைவு என்பதால் கீழே இருக்கும் ஊர் குறைந்துவிடுவதில்லை.

சனிக்கிழமை, அழகாபுரி

ஆத்தூர்ப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் குடகனாறு வடக்கே திரும்பி, வேடசந்தூரைத் தாண்டி, அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. வேடசந்தூர் பக்கம் அழகாபுரியில் அதன் குறுக்கே குடகனாறு அணை. இங்கே வருவதற்காகத்தான் இந்த வாரப் பயணமே.

இந்த அணை 1977 நவம்பரில் உடைந்தது. கட்டிய புதிதிலேயே.

வேடசந்தூரில் ஒரு பெரியவரைக் கேட்டேன். "அப்ப நான் சின்னப் பய. தண்ணி வந்துச்சு, எல்லாரும் மேட்டுக்கு ஓடுனோம்" என்பதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எப்படி உடைந்தது என்பது அணைப் பொறியியல் படிப்பவர்களுக்குத் தெரிந்த பாடம். அதை இங்கே எழுதி வைக்கிறேன், நம் ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆழமான அஸ்திவாரத்திலிருந்து 15.75 மீட்டர், ஆற்றுப் படுகையிலிருந்து 11.45 மீட்டர் உயரம். கொள்ளளவு சுமார் 434 மில்லியன் கன அடி. வினாடிக்கு 1,275 கன மீட்டர், அதாவது 45,000 கன அடி வெள்ளத்தை வெளியேற்றும்படி வடிவமைத்தார்கள். வெள்ளத்தின்போது ஏறக்கூடிய அதிகபட்ச நீர்மட்டத்துக்கும் மேலே கரையில் 2.5 மீட்டர் உயரம் மிச்சம் விட்டிருந்தார்கள். தாளில் பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. அஸ்திவாரமும் உறுதியாகவே இருந்தது.

வெள்ளம் வந்தது. ஊழியர்கள் தாமதிக்காமல் ஷட்டரைத் தூக்கினார்கள். பாதி தூக்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுபோனது. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள், அதுவும் கைகொடுக்கவில்லை. கையால் சுற்ற ஆரம்பித்தார்கள். அவர்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கரைக்கு மேல் ஏறி, வெளிச்சரிவில் அருவி மாதிரி விழுந்து மண்ணை அரித்தது. கரை பல இடங்களில் உடைந்தது. 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் அகலம் வரையில் உடைப்புகள்.

அந்த ஊழியர்கள் கடமை தவறியதாக யாரும் சொல்லவில்லை. அந்த வெள்ளத்தில், ஷட்டர் கைப்பிடியை வைத்து மாற்றி மாற்றிச் சுற்றிய அவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சடைக்கிறது.

அணையைப் பார்த்துக்கொண்டே போனில் ஒரு கணக்குப் போட்டேன். வினாடிக்கு 45,000 கன அடி உள்ளே வந்து, வெளியே ஒரு சொட்டும் போகாவிட்டால், 434 மில்லியன் கன அடி கொள்ளும் காலி அணை எவ்வளவு நேரத்தில் நிறையும்? மூன்று மணி நேரம்கூட இல்லை. காலி அணைக்கே அவ்வளவுதான். முக்கால்வாசி நிறைந்திருந்தால் முக்கால் மணி நேரத்துக்குள். மின்சார வாரியத்துக்கு ஆள் அனுப்பி, டீசல் தேடி, ஜெனரேட்டர் மெக்கானிக்கை எழுப்பி வருவதற்கு அந்த நேரம் போதாது. பெரிய அணையில் வெள்ளம் ஏற நேரம் எடுக்கும், நாலு பேரைக் கேட்க அவகாசம் இருக்கும். சின்ன அணையில் எல்லாம் முன்பே தயாராக இருந்தால்தான் உண்டு. இதில் வண்டலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருசா வருசம் வண்டல் படிந்து கொள்ளளவு குறையக் குறைய, அந்த மணிக்கணக்கு இன்னும் சுருங்குகிறது. தூர்வாருவது தண்ணீர் சேமிக்க மட்டும் இல்லை, ஷட்டர் தூக்குகிறவர்களுக்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுக்கவும்தான்.

அணையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். மாமா கரையின் அடியோரத்தில் வழக்கம்போல நடந்தார். நான் ஷட்டர்களின் பக்கமே நின்றேன். மண் அணைக்குத் தன் மேல் தண்ணீர் ஏறுவதைத் தாங்கும் சக்தி கிடையாது. கான்கிரீட் அணை சில மணி நேரம் தாக்குப் பிடிக்கும், மண்ணால் முடியாது. அதனால்தான் கலிங்கு, ஷட்டர், மறுகால் ஓடை மூன்றும் ஒழுங்காக இருக்கிறதா என்பதை மற்ற எதைவிடவும் முதலில் கேட்க வேண்டும் என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, மதுரை

வீட்டுக்குத் திரும்பும் முன் செல்லூரில் இறங்கினேன். 2024 அக்டோபர் 25 ஆம் தேதி பெய்த மழையில் இங்கே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாயின் உபரி பந்தல்குடி வாய்க்கால் வழியே வைகைக்குப் போக வேண்டும். கண்மாய் உடையவில்லை, வெளியே போக வழிதான் போதவில்லை. தெருவில் ஒரு மதினி சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைக் காட்டினார், இடுப்பளவு. ஆத்தூரிலும் அழகாபுரியிலும் பார்த்த அதே சங்கதிதான், இங்கே தெருவுக்குள்ளேயே நடந்திருக்கிறது. மேலே எவ்வளவு பிடித்து வைக்கிறோம் என்பதையே எல்லோரும் பேசுகிறோம், மறுகால் எங்கே போகும் என்று கேட்பவர்கள் குறைவு.

ராத்திரி மாமாவும் நானும் உட்கார்ந்து மனு எழுதினோம். நாளை திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மாமாவின் கண்மாய்க்கு நாங்கள் கேட்பது பெரிய நிதி இல்லை. கரையின் வெளிச்சரிவிலும் மறுகால் ஓடையிலும் உள்ள கருவேலத்தை ஐப்பசிக்கு முன் வெட்ட வேண்டும். மடை ஷட்டரை மழைக்கு முன் ஒரு தடவை ஆட்கள் முன்னிலையில் முழுக்கத் தூக்கி இறக்கிக் காட்ட வேண்டும். கலிங்கு மட்டத்தில் வெள்ளைக் கோடு போட வேண்டும், அதற்கு மேல் யாரும் மூட்டை வைக்கக் கூடாது. கரையோரத்தில் மண் அள்ளக் கூடாத எல்லையைக் கல் நட்டுக் காட்ட வேண்டும். மழை ராத்திரிகளில் கரைக்கு இரண்டு பேரை நியமித்து, டார்ச்சும் கூலியும் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசி வரியை மாமாதான் சேர்க்கச் சொன்னார். கூலி என்ற சொல்லை அடிக்கோடிடவும் சொன்னார்.

காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசலில் இருப்போம். பாலமேடு, அலங்காநல்லூர் பக்கத்துக்காரர்கள் உங்கள் கண்மாயின் பெயரோடு வந்தால் அதே மனுவை உங்கள் ஊருக்கும் எழுதித் தருகிறேன், வெள்ளைத்தாள் நிறைய எடுத்து வருகிறேன்.